காலிக் குடங்களைப் பற்றி ஓர் அறிக்கை

1.

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பாபநாசம் போகிற பஸ். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு மதகடியில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டார். எட்டிப் பார்த்தால் சாலையோரம் பெண்கள், இடுப்பில் காலிக் குடங்கள். போச்சுடா, மறியல், இனி ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலிலேயே மனசுக்குள் கதையின் முதல் வரியையும் எழுதிவிட்டேன்:

[காலிக் குடங்களோடு பெண்கள் தண்ணீர் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள்.]

இந்த வரி தப்பு. ஏன் தப்பு என்பதுதான் கதை. அழிக்காமல் விட்டிருக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெண்கள் எல்லோரும் வாய்க்காலின் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது. யாரென்று எனக்குத் தெரியாது, அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மற்றதெல்லாம் நான் கட்டியது. பொய் சொல்லிவிட்டாய் என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

2.

அவளுக்கு வானதி என்று பெயர் வைத்தேன். வேலை? டீச்சர் என்று எழுதி அடித்தேன். வங்கியில் ஒரு... வேண்டாம். முகம் அப்படி வெளுக்க வேண்டுமென்றால், போனில் இருப்பது எங்கோ தூரத்தில் நடந்ததாகவும் இருக்க வேண்டும், அவள் கைபட்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே அவளை ஈரானுக்கு அனுப்பினேன்.

அங்கே ஒரு மாகாணத்தில் நம் துணைத் தூதரகம். (எந்த மாகாணம் என்று குடையாதீர்கள். கும்பகோணம் தாண்டினாலே தலைசுற்றுகிற ஆள் நான்.) வானதி அங்கே வாரா வாரம் ஓர் அறிக்கை எழுத வேண்டும்: உள்ளூர் நிலவரம், பாதுகாப்பு. ரொட்டி என்ன விலை, எந்தச் சாலையில் புதிதாகச் சோதனைச் சாவடி முளைத்தது, யாருக்கும் யாருக்கும் தகராறு. நம்மூர் டீக்கடையில் சும்மா நடக்கிற காரியம்தான், அங்கே அதற்குச் சம்பளம். ஆனால் டீக்கடைப் பேச்சை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. வானதியின் அறிக்கையை வைத்து எடுப்பார்கள்.

(பாரசீகம் அவளுக்குச் சட்டென்று வந்தது. சர்க்கார், தஸ்தாவேஜு, ஜமாபந்தி என்று அவள் அப்பா நிலத்துக்காக அலைந்த வார்த்தைகள் அங்கிருந்து வந்தவைதானே. இந்தக் குறிப்பு கதைக்குத் தேவையில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.)

3.

வானதி விடுப்பில் ஊருக்குக் கிளம்புகிற வாரம், அந்த நகரத்தின் வறண்ட ஆற்றில் கூட்டம் கூடியது. அதன் படம் ஒன்று அவள் போனுக்கு வந்தது. மணலில் ஆணும் பெண்ணுமாக ஜனங்கள், கையில் காலிப் பாத்திரங்கள், ஓரத்தில் தூதரகத்துக்கு வந்துபோகிற ஓர் இந்தியர். டெல்டாவில் பிறந்த யாருக்கும் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது. காலிக் குடத்தோடு கூட்டம் கூடினால் மறியல், தாசில்தார் வந்து பேசினால் கலையும், சின்ன வயசிலிருந்து பார்த்தது. அங்கே ஒருவரையும் கேட்கவில்லை. ‘தண்ணீர் கேட்டுப் போராட்டம். இந்தியர் ஒருவரும் கலந்துகொண்டார்’ என்று எழுதி அனுப்பிவிட்டுப் பெட்டி கட்டினாள்.

அந்த இந்தியர் சித்தீக். நாகூர்க்காரர், அந்த நகரத்து லேத் பட்டறை ஒன்றில் வேலை. அணைக்கட்டுப் பக்கம் போனை நீட்டிப் படம் எடுத்தார் என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை விசாரணை. நம் தூதரகம் அவருக்காகப் பேசலாம்தான். ஆனால் போராட்டத்துக்குப் போனவர் என்று நம் கோப்பே சொல்லும்போது, ஒன்றும் தெரியாதவர், விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதனால் பேசாமல் இருந்தார்கள்.

4.

சித்தீக்கின் மனைவி ஜொகரா, தூதரகத்துக்குப் போன் போட்டு, வானதியின் அறிக்கைதான் தடை, அவள் இப்போது ஊரில் என்று தெரிந்துகொண்டு நாகூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை வைத்தேன். நன்றாகவே வந்தது. [“உங்க பேனாவுல இருக்கிற மையெல்லாம் எங்க...”] சே. பேசுகிறது ஜொகராவா, நானா? புருஷனைக் காப்பாற்றும் வழி எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் இருக்கும்போது எந்தப் பெண் இப்படி வசனம் பேசுவாள்? சண்டையைத் தூக்கிவிட்டேன்.

வானதியின் அம்மா ஆனந்தவல்லி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. ஜொகரா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவங்கள பத்தி நீங்க என்னம்மா எழுதுனீங்க?”

வானதி வாயெடுப்பதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதாம்.

5.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, கடைசியில் தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற அன்று, பெண்கள் காலிக் குடத்தோடு போய் நிற்பார்கள். முதல் தண்ணீர் சருகும் நுரையுமாக வரும், யாரும் குடிக்கமாட்டார்கள். ஒரு குடம் மொண்டு வந்து வாசலில் தெளித்துவிட்டு மிச்சத்தை நாற்றங்காலில் ஊற்றுவார்கள். ஆனந்தவல்லி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடுகிறபோதே ஜொகராவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வானதி பின்னால் போனாள்.

அப்போதுதான் பஸ் வந்தது. ஆமாம், என் பஸ்.

“என்னம்மா, மறியலா? எவ்வளவு நேரம் ஆவும்?” என்று கேட்டார் டிரைவர்.

“மறியலும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. தண்ணி வருது. நீ போ” என்றாள் ஆனந்தவல்லி.

பஸ்ஸில் நாங்கள் சிரித்தோம். வானதிக்கு அந்த ஆற்றுப் படம் ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள், அதே படத்தைப் பெரிதாக்கினாள். மறியலுக்கு வந்தவர்கள் சாலையைப் பார்ப்பார்கள், போலீஸைப் பார்ப்பார்கள். இந்தப் படத்தில் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன, ஆறு வருகிற பக்கம். ஓரத்தில் சித்தீக், கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்தபடி.

பாவி, பாத்திரத்தைப் பார்த்தேனே, முகத்தைப் பார்த்தேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

6.

முதலில், அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை அந்த நகரத்தில் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் போன் போட்டுக் கேட்டாள். அணை திறந்த நாளாயிற்றே, முதல் தண்ணீர் பிடிக்க நாங்கள் எல்லோரும் போனோமே, உனக்குத் தெரியாதா என்றார் அவர்.

அடுத்து மேலதிகாரி ரகுராமன். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம். திருத்தம் என்று போனால் வானதியின் பெயரில் கறையாக நிற்கும், அடுத்த பணியிடத்தில் கைவைக்கும் என்று அக்கறையோடுதான் சொன்னார். புதிதாகக் கிடைத்த தகவலின்படி என்று பொதுவாக ஒரு வரி சேர்த்துவிடலாம், யார் மேலும் தப்பு வராது என்று வழியும் காட்டினார்.

“புதுத் தகவல் ஒண்ணும் இல்ல சார். அதே படம்தான். நான்தான் தப்பாப் பாத்தேன். அப்படித்தான் எழுதப் போறேன்.”

யார் மேலும் தப்பு இல்லாத வரி யார் காதிலும் ஏறாது. அது வானதிக்குத் தெரியும், அவள் எழுதுகிற வரிகளில் பாதி அப்படிப்பட்டவை. பழைய வரியை அழிக்கவில்லை. தெரியும்படி ஒரு கோடு அடித்தாள். அதன் கீழே, இது போராட்டம் இல்லை, ஆற்றுத் தண்ணீரை வரவேற்கக் கூடியவர்கள், சித்தீக் அவர்களோடு தண்ணீர் பிடிக்கப் போனவர், தவறு என்னுடையது என்று எழுதித் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

நானும் என் முதல் வரியை அப்படித்தான் விட்டிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.

7.

முடிவு. எழுதிப் பார்த்தேன்.

சித்தீக் திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறார், ஜொகரா ஓடிவந்து... நிறுத்தினேன். ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு வரியில் அவரைக் கொண்டுவந்துவிடுவேன், டிக்கெட் கூட வேண்டாம்.

திருத்தம் போய்ச் சேர்ந்தபோது விசாரணை முடிந்து... இதை நான் எழுதமாட்டேன். எழுதமாட்டேன் என்றால் எழுதமாட்டேன்.

இன்னும் நடக்காத ஞாயிற்றுக்கிழமை விசாரணையை நடந்ததாக எழுதினால், யாரையும் கேட்காமல் இன்னோர் அறிக்கை அனுப்பியது போலாகும். ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

எழுத முடிந்தது இவ்வளவுதான். ஜொகராவின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனந்தவல்லி அவளிடமும் ஒரு செம்பு புதுத்தண்ணீர் கொடுத்து வாசலில் தெளிக்கச் சொன்னாள். தெளித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வானதியிடம் கேட்டாள்.

“விட்டுருவாங்களாம்மா?”

“தெரியலக்கா. அவரு தண்ணி புடிக்கத்தான் போனாருன்னு என் பேரு போட்டு எழுதிட்டேன். பதில் வர்ற வரைக்கும் தினம் கேப்பேன். விடமாட்டேன்.”

ஜொகரா தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். வானதியைத் தாண்டி, என்னையும் தாண்டி, உங்களைப் பார்த்துக்கொண்டு ஈர வாசலில் நிற்கிறாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.