டெல்மர் கிளப்பிய தூசி

நெவாடாவின் வடக்கே, பிளாக்வெல் மண்சாலையில், டெல்மர் ஹாஸ்கின்ஸின் வண்டி கிளப்பிய தூசி பதினோரு ஆண்டுகளாக அடங்கவில்லை. மழை பெய்தது, புதர்கள் நனைந்தன, தூசி நனையவில்லை. கோடையில் மான்கள் அதன் நிழலில் படுத்தன. அந்தப் பள்ளத்தாக்கில், முன்னால் ஒரு வண்டி போனால், அதன் தூசி அடங்கும்வரை பின்னால் வருபவர் நின்றுவிட்டுத்தான் போவார். அதனால் எல்லோரும் வந்து நின்றார்கள், பார்த்தார்கள், பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். பள்ளிக்கூடப் பேருந்தும் சுற்றித்தான் போயிற்று.

டெல்மர் புறப்பட்டது ஒரு வறட்சிக் காலக் காலையில். மாடுகளை விற்றுவிடலாம் என்றான். என் அப்பாவின் மந்தை, விற்க மாட்டேன் என்றாள் அவன் மனைவி வெல்டா. சண்டைக்கு முன்பே அவள் நிரப்பி வைத்திருந்த காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு அவன் வண்டியேறினான். மறுநாளிலிருந்து காலைதோறும் வெல்டா தூசியின் விளிம்புவரை ஓட்டிப் போய், எஞ்சினை அணைத்துக் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். ஆறாம் ஆண்டில் புல் முற்றிலும் காய்ந்தது. மாடுகளை விற்றாள். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவன் தூசிக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

பதினோராம் ஆண்டு, சாலை வேலை பார்க்கும் ஹோயிட் ஓர் இரும்புக் கதவோடு வந்தான்.

"சாலைய மூடச் சொல்லிட்டாங்க. இன்னிக்குப் பூட்டிட்டா அப்புறம் யாரும் உள்ள போக முடியாது."

"தூசி அடங்கட்டும்னுதான் நிக்கிறேன்."

"ஏம்மா வெல்டா, அஞ்சு நிமிஷம் நின்னா அது மரியாதை. பதினோரு வருஷம் நின்னா அதுக்குப் பேரு வீம்பு."

"அவன் கிளப்பின தூசிய நான் எதுக்கு முழுங்கணும்?"

ஹோயிட் கதவுக்குக் குழி தோண்டத் தொடங்கினான். முதல் குழி முழங்கால் ஆழம் போனபோது, வெல்டா ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி, விளக்கைப் போட்டு, வண்டியை உள்ளே விட்டாள்.

உள்ளே வெளிச்சம் தேநீர் நிறத்தில் இருந்தது. அரை டேங்க் பெட்ரோல் தீர்ந்த பிறகு இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. டெல்மரின் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். அவன் முறைப்படி ஓரங்கட்டி நிறுத்தினான்.

"இது என்ன ஓட்டு ஓட்டுற?" என்றாள், இறங்கி வந்து.

"நீ வர்றியான்னு கண்ணாடியிலயே பாத்துட்டு ஓட்டினா வேற எப்படிப் போகும்?" அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் கூடவில்லை. அவளைப் பார்த்தான். "தலை பூரா தூசி படிஞ்சிருக்கு பாரு."

"அது தூசி இல்ல." நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "மாட்ட வித்துட்டேன்," என்றாள்.

"நல்ல விலைக்குப் போச்சா?"

"இல்ல."

அவன் குடுவையைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்தான். அது இன்னும் சூடாக இருந்தது.

ஹோயிட் இரண்டாவது குழியில் இருந்தபோது வெல்டாவின் வண்டி வெளியே வந்தது. அவள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னாள், அவனும் தூக்கினான். அவள் கிளப்பிய தூசி அடங்கும்வரை டெல்மர் பின்னால் நின்று காத்திருந்துவிட்டு வந்தான். அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று; பழைய தூசியும் அதோடு அடங்கியது. ஹோயிட் அவனுக்கும் ஒரு விரலைத் தூக்கிவிட்டுக் குழிகளை மூடினான்.