யாகப்பரின் கால்

இந்த முறையும் எங்கள் கோவில் புனித யாகப்பரின் பெருநாளுக்கு வரமாட்டேன் என்று ஜெசிதா சொன்ன நாளிலிருந்து நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் ஒரே பிள்ளை. நெதர்லாந்தில் படிக்கிறாள். விசா அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாளாம். அது கைக்கு வருமுன் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். போன வருடம் பரீட்சை என்றாள். வர மனமில்லாதவளுக்குக் காரணமா இல்லை? யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்த பிள்ளைக்குக் குருநகர் கசந்துவிட்டது என்ற நினைப்பு என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் மனிசன் லியோன், ஜெசிதா வீடியோவில் வந்திருந்த போனைக் கொண்டுவந்து சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார்.

"வெளிநாட்டுப் பிள்ளையளை பஸ்ஸிலை ஏத்தி மியூசியம் காட்டக் கொண்டுபோயிருக்கினம். பாரன்."

நான் முதுகைத்தான் காட்டினேன்.

"அம்மா, இந்தக் கப்பலைப் பாருங்கோ," என்றாள் ஜெசிதா. "இப்பிடிக் கப்பலிலைதான் ஒல்லாந்தர் எங்கடை ஊருக்கு வந்தவையாம்."

"வந்து கட்டின கோட்டை இஞ்சை இருக்குது. அதைப் பாக்க இஞ்சை வரலாம்தானே," என்று சட்டிக்குச் சொன்னேன். லியோனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பின்னேரம் இரவுக் கறிக்கு விளைமீன் வெட்டும்போது மறுபடி எடுத்தாள். இது இரண்டாவது மியூசியமாம்.

"அம்மா, ஆர் நிக்கிறார் எண்டு பாருங்கோ."

குரல் ஒரு மாதிரி இருந்தது. என் வீறாப்பையும் மீறித் திரும்பிவிட்டேன். திரையில் மரச் சொரூபம் ஒன்று. தொப்பி, அதில் சிப்பி, கையில் தடி. யாகப்பரேதான். சாயம் போய், மூக்கு நுனி உடைந்து நின்றார். முன்னால் ஒரு மெழுகுதிரி இல்லை, பூ இல்லை, செபம் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் ஊரில் சொரூபத்துக்குக் கிட்டப் போனால் கை சும்மா இருக்காது. காலைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்துக் கொஞ்சுவோம். நடக்கத் தெரியாத வயதிலேயே பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டுபோய்ப் பழக்கிவிடுவோம். ஜெசிதாவையும் அப்படித்தான் பழக்கினேன்.

நான் தொடச் சொல்லவில்லை. அவளுடைய கை தானாக நீண்டு யாகப்பரின் காலைத் தொட்டது. பிறகு திரைக்கு வெளியே அவள் பக்கம் போனது. எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதற்குள் அங்கே ஏதோ கீக்கீ என்று கத்தத் தொடங்கியது. யாரோ ஓடிவந்தார்கள். போன் கூரையைக் காட்டியது.

செதிள் ஒட்டிய கையாலேயே போனைப் பறித்தேன். "என்ன பிள்ளை? ஆரது?"

கொஞ்ச நேரம் இங்கிலிசு கேட்டது. பிறகு அவள் முகம் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"காவலுக்கு நிக்கிற மனிசன், அம்மா. ஏசேல்லை. தொடக்கூடாதாம். கை தன்ரை பாட்டிலை போயிட்டுது."

"சரி, அழாதை."

"எனக்கு வீட்டை வரவேணும், அம்மா. நீங்கள் நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறியள்."

"ஓம், நினைச்சனான். இனி நினைக்கமாட்டன். அட்டை வரட்டும், ஆறுதலா வா."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பவளை எப்படித் தூக்குவது? போன் கண்ணாடியெல்லாம் மீன் செதிள். அதைத் துடைத்துத் துடைத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருநாளன்று கோவிலில் நல்ல சனம். என்னுடைய முறை வந்ததும் யாகப்பரின் காலைத் தொட்டுக் கொஞ்சினேன். விலகாமல் இன்னொரு தரம் தொட்டேன்.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் சிசிலியாவுக்குப் பொறுக்கவில்லை. "மார்கிரட், ஒருக்காத் தொட்டால் காணாதோ? சனம் நிக்குது."

"இது ஜெசிதாவுக்கு," என்றேன். "அவளை அங்கை தொட விடுறாங்களில்லை."