மேஜை எண் நான்குக்கு ஒரு ரிமைண்டர்

காலேஜுக்குள்ளே ஆபீஸ் நடத்தினார்கள் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடத்தினார்கள். கழக ஆட்சி வந்து ஏழு வருஷம் ஆகியிருந்த சமயம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பி.யூ.சி. தேறியும் தேறாமலும் வெட்டியாகத் திரிந்த பிள்ளைகளுக்காக டவுன் காலேஜில் ஒரு வருஷப் படிப்பு ஆரம்பித்தார்கள். இங்கிலீஷும் ஆபீஸ் வேலையும் ஒரே வகுப்பில். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்.

நடத்தியது கமருன்னிஸா மிஸ். பன்னிரண்டு மேஜை, நாலு டைப்ரைட்டர், தபால் போட ஒரு மரத் தட்டு, தலையணை கனத்தில் ஒரு ரிஜிஸ்தர். முதல் நாளே மிஸ் சொல்லிவிட்டார்: "ஆபீஸ்ல வாய் பேசாது. பேப்பர்தான் பேசும். இந்த ரூமுக்குள்ள யாருக்கு என்ன வேணும்னாலும் இங்கிலீஷ்ல கடுதாசி எழுதித் தட்டுல போடுங்க. அனுப்புநர், பெறுநர், பொருள், நம்பர், எல்லாம் இருக்கணும். மூணு வகுப்புக்குள்ள பதில் வரணும். வரலேன்னா ரிமைண்டர் அனுப்புங்க."

ரப்பர் வேண்டுமென்றால்கூடக் கடுதாசிதான். மிஸ் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்பு மசியில் திருத்தி, நம்பர் போட்டு, அடுத்த வகுப்பில் அந்தந்த மேஜைக்கு அனுப்புவார். ஒரு ரப்பர் கைமாற ரெண்டு நாள் ஆகும். அசல் கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் மேஜை அம்சத்தினுடையது. கூலி வேலை பார்க்கிற ரெத்தினத்தின் மகள். அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் அவள்தான். ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாலாம் மேஜை, ஜன்னலோரம், தியாகராசனுடையது. அதே ஊர் மிராசு பஞ்சநதத்தின் மகன். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு பஞ்சநதம் மாடு கன்று பேரில்கூட நிலத்தை எழுதிவைத்திருக்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அத்தனை நிலம் இருந்து என்ன, மகனுக்கு இங்கிலீஷ் வரவில்லை. ரெண்டு தரம் கோட்டை விட்டதால் இந்த வகுப்பில் கொண்டுவந்து தள்ளியிருந்தார்.

இவர்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். அவன் முன்வாசலில் ஏறுவான், இவள் பின்வாசலில் ஏறுவாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மிராசு வீட்டுப் பிள்ளை ரெத்தினம் மகளிடம் பேசினால் அன்றைக்கே ஊர் ரெண்டாகிவிடும்.

ஆனால் அறைக்குள்ளே வந்துவிட்டால் ஊர் கிடையாது. நாலாம் மேஜையும் ஒன்பதாம் மேஜையும்தான்.

முதல் கடுதாசி அவனிடமிருந்துதான் வந்தது. பொருள்: செவ்வாய்க்கிழமை தாங்கள் அலுவலகத்துக்கு வராதது பற்றி. காரணத்தைத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு, மேஜை எண் 4.

அம்சத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவனுக்கு என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது? அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதினாள். மேற்படி தேதியில் மதிப்புக்குரிய தங்கள் தகப்பனார் வயலில் நடவு வேலையில் இருந்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மிஸ் ரெண்டு இடத்தில் சிவப்பு மசி போட்டு அனுப்பினார். நாலாம் மேஜை படித்தது. காது மடல் சிவந்தது. பதில் ஒரே வரி: கடிதம் பெற்றுக்கொண்டேன், வருந்துகிறேன்.

அடுத்த நடவு நாளில் அவன் வரப்பில் வந்து நின்றான். முழங்கால் சேற்றில் குனிந்து நின்ற அம்சம், நாற்று முடியை அவிழ்க்கிற சாக்கில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். வியாழக்கிழமை கடுதாசி வந்தது. பொருள்: வெயில். தாங்கள் தலையில் துணி போட்டுக்கொள்ளாதது கவனத்துக்கு வந்தது.

அதைப் படித்துவிட்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே! சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது, பக்கத்து மேஜைக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் கடுதாசிகள் பெருகின. பொருள்: மழை. பொருள்: பஸ்ஸில் கூட்டம். பொருள்: தங்கள் புதிய தாவணியின் நிறம். எல்லாம் மிஸ் கண்ணைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மிஸ் எல்லாவற்றையும் படித்தார், திருத்தினார், ரிஜிஸ்தரில் ஏற்றினார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மனுஷிக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

அம்சத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கல்யாணம் காட்சி என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியாதா ஊர்? பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, நாலு பேர் பார்க்க, தமிழில் ஒரு வார்த்தை அவன் தன்னிடம் பேச வேண்டும். மணி என்ன என்று கேட்டால்கூடப் போதும். ராத்திரி பாயில் படுத்தால் அந்த ஒரு வார்த்தை எதுவாக இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தை. அவனோ பஸ் ஸ்டாண்டில் சினிமாப் போஸ்டரை எழுத்து விடாமல் படித்துக்கொண்டு நிற்பான்.

தை மாசம் அறுப்பு வந்தது. கூலிக்கு ஒரு படி நெல் கூடக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் கதிரைத் தொட மாட்டோம் என்றது. பஞ்சநதம் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். சங்கத்தில் முன்னால் நின்றவர் ரெத்தினம். மிராசுக்கு அவர்மேல் ஏற்கனவே கண்.

அந்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. ரெத்தினத்துக்கு ரொம்ப நாளாக ஒரு சபலம். மகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாளாமே, அதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒன்பது மைல் நடந்தே டவுனுக்குப் போனார். ஆறு மணி சுமாருக்கு வகுப்பு ஜன்னல் ஓரத்தில் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு மிஸ் பிரின்சிபால் ரூமுக்குப் போனவர் ஏழு மணி வரை திரும்பவில்லை. நாலு பேர் டைப் அடிக்க, மற்ற ஆறு பேரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி, போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்சத்தின் முகம் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். ஜன்னலில் அப்பாவைப் பார்த்தாள். எழுந்து போகலாமா, கடுதாசி இல்லாமல் எதுவும் கூடாது என்கிற விதி இருக்கிறதே என்று திகைத்தாள். அதற்குள் தியாகராசன் எழுந்தான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். ரெத்தினத்தின் முன்னால் போட்டான். அவன் ஏதோ சொன்னதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுப் பின்னால் நகர்ந்ததும் தெரிந்தது. கடைசிவரைக்கும் அப்பா உட்காரவில்லை. வகுப்பு முடிகிற வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பிள்ளைகள் வெளியே வரும்போது இருட்டில் ஒதுங்கிக்கொண்டு, அப்புறம் மகளோடு பஸ் ஏறி ஊர் வந்தார்.

வந்து இறங்கினால் ஊரே வெளிச்சமாக இருக்கிறது. மிராசு களத்தில் வைக்கோல் போர் ஆறேகாலுக்குப் பற்றிக்கொண்டதாம். பற்றவைத்தது ரெத்தினம் என்று பஞ்சநதம் பேர் கொடுத்து, கண்ணால் பார்த்ததாக இரண்டு சாட்சியும் தயார் பண்ணிவைத்திருந்தார். விடிவதற்குள் போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டது.

சங்கத்து வக்கீல் நேராகவே சொன்னார்: "பெத்த பொண்ணு சாட்சி சொன்னா கோர்ட்டுல எடுபடாதும்மா. பஸ் கண்டக்டருக்கும் ஞாபகமில்லேங்கிறான். காலேஜுல வேற யாராச்சும் பாத்தாங்களா?"

பார்த்தவன் ஒருத்தன்தான். அவன் அப்பாதான் வழக்குக் கொடுத்தவர்.

அம்சத்தின் அம்மா பொன்னுத்தாய் மகள் காலைப் பிடிக்காத குறை. "ஒங்கூடப் படிக்கிற புள்ளதானேடி. ஒரு வார்த்தை கேளேன்." எங்கே போய்க் கேட்பாள்? மிராசு வீட்டு வாசலில் நின்றா? பஸ்ஸிலா? அவளுக்கு இருந்தது ஒரே வழி. அது மரத் தட்டு.

கடுதாசி எண் 61. பொருள்: என் தகப்பனார். எழுதி முடிக்க இரண்டு மணி நேரமும் ஆனது. எழுதும்போதே அவளுக்குத் தெரியும், இது போனால் இனி மழை வராது, வெயில் வராது, தாவணி நிறமும் வராது. சாட்சி சொன்னானென்றால் அவன் வீடு அவனை வைத்துக்கொள்ளாது. சொல்லவில்லையென்றால் இவளால் அவனை மனசில் வைத்துக்கொள்ள முடியாது. ரெண்டில் எது நடந்தாலும் போவது அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு தட்டில் போட்டாள்.

அன்றைக்கு மிஸ் சிவப்பு மசியைத் தொடவில்லை. நம்பர் மட்டும் போட்டு அனுப்பினார்.

ஒரு வகுப்பு போனது. ரெண்டு போனது. மூன்றும் போனது. நாலாம் மேஜை குனிந்த தலை நிமிரவில்லை. விதிப்படி ரிமைண்டர் அனுப்பினாள், எண் 62. அதற்குப் பதில் வந்தது. தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.

அட பாவி! பரிசீலனையாம்! எங்கப்பன் கம்பிக்குள்ளே கிடக்கிறான், இவன் பரிசீலிக்கிறானாம்! அந்தக் காகிதத்தைக் கிழித்து அவன் முகத்தில் எறியத் தோன்றியது அவளுக்கு. எறியவில்லை. அவன் கையெழுத்து இருக்கிறதே. மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

கேஸ் விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் சங்கத்து ஆட்கள், மறுபக்கம் மிராசுதாரர்கள். பஞ்சநதம் முன்வரிசையில் அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். சங்கத்து வக்கீல் எழுந்து தங்கள் தரப்புச் சாட்சி என்று சொல்லி, தியாகராசன் பேரைச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் அவனே தேடி வந்தானாம்.

அவன் கூண்டில் ஏறினான். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்சத்தையும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஆறு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் அவரு எங்க காலேஜ் ஜன்னல்கிட்ட நின்னாருங்க. நான்தான் நாற்காலி எடுத்துட்டுப் போயி, உக்காருங்கன்னேன். அவரு உக்காரலே."

அவரு என்றதும் மிராசு வரிசையில் ஒரு சலசலப்பு. அந்த வீட்டு ஆண்பிள்ளை வாயிலிருந்து ரெத்தினத்துக்கு அப்படியொரு மரியாதை வந்து யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு அங்க வந்தாராம்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"மக நாற்காலியிலே உக்காந்திருக்கறதப் பாக்குறதுக்குங்க."

பஞ்சநதம் எழுந்து வெளியே போனார். அம்சத்துக்கு அப்பாவுக்காக அழுகை வந்ததா, அவனுக்காக வந்ததா, அவளுக்கே தெரியாது. அவன் தமிழ் பேசி அவள் கேட்ட நாள் அதுதான். அதிலும் அவளோடு பேசவில்லை.

ரெத்தினம் விடுதலையாகி வெளியே வந்ததும் சங்கத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இவள் எட்டி எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் அவன் தனியாக நின்றான். இவள் பார்த்ததைப் பார்த்தான். ரெண்டு எட்டு எடுத்து வைத்தான். நாலு பேர் குறுக்கே ஓடினார்கள், கோஷம் போட்டார்கள், மாலை போட்டார்கள். கூட்டம் விலகியபோது மரத்தடியில் ஆள் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலாம் மேஜை காலியாக இருந்தது. காலையிலேயே வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். அப்பன் வீட்டுக்குள் சேர்க்கவில்லை, எங்கே போனான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது என்று பேசிக்கொண்டார்கள். தட்டில் ஒன்பதாம் மேஜைக்கு ஒரு கடுதாசி கிடந்தது.

பார்வை: தங்கள் கடிதம் எண் 61, ரிமைண்டர் எண் 62. கோரியபடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. இந்த ஃபைலை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

அனுப்புநர் இடத்தில் பேர் மட்டும் இருந்தது. மேஜை எண் இல்லை, ஊர் இல்லை. விலாசம் இல்லாத கடுதாசி கடுதாசியே இல்லை என்று தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தவர் மிஸ். அவரும் அதைத் திருத்தவில்லை.

அம்சம் ஃபைலை முடிக்கவில்லை. ஒரு கடுதாசி எழுதினாள். பொருள் என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பெறுநர், மேஜை எண் 4. மூன்று வகுப்பு கழித்து ரிமைண்டர். அப்புறம் இன்னொன்று. படிப்பு முடிகிற வரைக்கும் பதினாலு ரிமைண்டர் போனது. மிஸ் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டார், ரிஜிஸ்தரில் ஏற்றினார், காலி மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தாலுக்கா ஆபீஸில் அம்சத்துக்கு வேலை கிடைத்தது. முதல் நாள், ஹெட் கிளார்க் டைப்ரைட்டரைக் காட்டினார். எழுத்தெல்லாம் தமிழ். "இங்கிலீஷெல்லாம் இப்ப எதுக்கும்மா? கோட்டையிலேருந்து உத்தரவு வந்தாச்சு. கடுதாசியெல்லாம் தமிழ்லதான்" என்றார்.

அந்த வாரமே ரெத்தினம் வந்தார். இந்தத் தடவை ஜன்னலில் நிற்கவில்லை, வாசல் வழியாகவே வந்தார். பியூன் நாற்காலி போட்டான். ரெத்தினம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். மகள் டைப் அடிப்பதைப் பார்த்தார்.

"இது தமிழால்ல இருக்கு. அப்ப நீ படிச்ச இங்கிலீஷு?"

"செலவாயிடுச்சுப்பா" என்றாள் அம்சம்.

யாருக்குச் செலவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாருக்கோ சொல்வதுபோல மெல்லச் சொன்னார்:

"அன்னிக்கு அந்தப் புள்ள கொண்டாந்து போட்டப்பவே நான் உக்காந்திருக்கணும்."