சித்திரை வெயிலுக்கு ஒரு பனிக்கட்டி

புவனேஸ்வரியக்காவின் கன்னத்துக்குள் பனிக்கட்டி கரைந்துகொண்டிருக்கிறது, பேசும்போது வாயில் புகை தெரியக்கூடாது, படத்தில் இது யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில், படம் பிடிக்கிற பூங்காவில் பாரிஸின் மாசிக் குளிர், வாய் குளிர்ந்திருந்தால் மூச்சு தெரியாது என்பது என் கண்டுபிடிப்பு என்று சொல்லித் திரிந்தேன், எங்கேயோ திருடியது, பல்லுக் கூசுது தம்பி, என்கிறார் அக்கா, இன்னும் ஒரு ஷாட்தான், என்கிறேன், நாடு விட்டு ஓடிவந்த இயக்குநர், அட்டையில் வெட்டிய மூன்று பனைமரங்களின் சொந்தக்காரன், ஊரில் இரண்டு பக்கத்து ஆயுதக்காரரும் என்னைத் தேடினார்கள் என்று பேட்டிகளில் சொல்வேன், ஒரு பக்கம்தான் தேடியது, அதுவும் என்னையல்ல, என் கேமராவை.

அக்கா ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுபவர், படத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தில் இல்லாத அவருடைய சொந்த மகள் சுகிர்தா அழுதபடி ஓடிவருகிறாள், அம்மா, ஊரிலயிருந்து போன், அண்ணா ஷெல் விழுந்து செத்துப்போயிட்டான், அக்கா பனிக்கட்டியைத் துப்பினார், ஐயோ என்ரை ராசா, வெள்ளைப் புகை எழும்பி அட்டைப் பனைமேல் படர்ந்தது, நான் சொன்னேன், கட், புகை தெரியுது அக்கா, இன்னொருக்கா எடுப்பம். யாரும் என்னை அடிக்கவில்லை. அக்கா வேறொரு பனிக்கட்டியை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லாமல், சொன்னபடி அழுதார், அதற்குத்தான் விருது, பொன்னாடை, பிறகு நான் படமே எடுக்கவில்லை, அந்த அழுகையைத் தூக்கிக்கொண்டு மேடை மேடையாகத் திரிந்தேன்.

ஊருக்குப் போனால் திரும்பி வர அக்காவிடம் விசா இல்லை, மகனுக்காக அவர் வாய்விட்டு அழுதது அந்த முதல் ஷாட்டில் மட்டும்தான், எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் கேட்பார், தம்பி, அந்தப் புகை வந்த துண்டைத் தாரும், பிலிம் கழுவுற லேப்பில கிடக்கு அக்கா, என்பேன், இருபத்தெட்டு வருடம் லேப்பில் கிடந்தது, கெட்ட ஷாட் என்று அந்த வாரமே குப்பையில் போட்டவன் நான்.

சவச்சாலையிலும் மாசிக் குளிர், சூடாக்கி வேலை செய்யவில்லை, பெட்டிக்குள் அக்கா, சுகிர்தா கேட்கிறாள், அந்தப் புகைத் துண்டை நெஞ்சில வைச்சு அனுப்பச் சொன்னவ அம்மா, கொண்டு வந்தனீங்களோ, என் பையில் விருது வாங்கிய ஷாட்டின் துண்டு இருக்கிறது, பிலிமைப் பார்த்து அவளுக்கு வித்தியாசம் தெரியாது, அப்படி நினைத்துத்தான் எடுத்துவந்தேன், கை பைக்குள் போய்விட்டது, துண்டை அங்கேயே விட்டுவிட்டுச் சொல்கிறேன், எறிஞ்சிட்டன் பிள்ளை, அண்டைக்கே எறிஞ்சிட்டன், என் வாயிலிருந்து புகை வருகிறது, சுகிர்தாவின் வாயிலிருந்தும், அக்காவின் வாயில் பனிக்கட்டி இல்லை, புகையும் இல்லை, நான் கேட்ட ஷாட் அது.