தலைக்கொரு வண்டி

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, வண்டி நான்கு. பெக்கர் மலையில் இதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு பெரிய கார். என் கணவன் வெய்னுக்கு ஒரு பிக்கப் டிரக். மகள் டெஸ்ஸாவுக்குப் பதினாறு முடிந்தபோது ஆசையாக வாங்கிக் கொடுத்த நீலக் கார் ஒன்று. நாலாவது விமான நிலையத்தில் கிடக்கும். வெய்ன் திங்கட்கிழமை விடியலில் அதில் போய், அதை அங்கேயே போட்டுவிட்டு ஹூஸ்டனுக்குப் பறப்பான். வெள்ளிக்கிழமை திரும்பி வருவான். வேலை அங்கே, வீடு கலிஃபோர்னியாவில்.

நான் வீடு விற்றுக் கொடுக்கிறவள். ஒரு வீட்டைக் காட்ட மலை இறங்கி, இன்னொன்றைக் காட்ட மலை ஏறி, நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பிழைப்பு ஓடும்.

டெஸ்ஸா அந்த நீலக் காரைத் தொடவே மாட்டாள். சைக்கிளில்தான் பள்ளிக்கூடம். அங்கே ஏதோ கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி ஆளுக்கொரு சிவப்புக் கோடு போட்டாள். வருஷத்துக்கு யார் எவ்வளவு புகையை வானத்துக்கு அனுப்புகிறோம் என்ற கோடு. அவளுடையது சுண்டுவிரல் அளவு. என்னுடையது முழங்கை நீளம். வெய்னுடைய கோட்டுக்குக் கதவு போதாமல், தாளைப் பக்கவாட்டில் மடித்து ஒட்டியிருந்தாள்.

"அப்பா ஒரு தடவ ஹூஸ்டன் போய்ட்டு வர்றதும், நீ மூணு வாரம் கார்ல சுத்துறதும் ஒண்ணும்மா. உடனே உன்னுது பரவால்லன்னு நெனைக்காத. அம்மாம் பெரிய கார்ல ஒத்த ஆளா போற."

"பின்ன? வீடு பாக்க வர்றவன என் மடியில உக்கார வச்சா கூட்டிட்டுப் போவேன்?"

"காடு காஞ்சு கெடக்கும்மா. கடைசியா எப்ப மழ பேஞ்சுது, சொல்லு பாப்போம்."

"என் காராலதான் மழ பெய்யலியாக்கும்! ஊர்ல வேற எவனும் புகையே விடல பாரு."

வெய்ன் சிரித்தான். "விடு க்வென். நான் வேணா ஹூஸ்டனுக்கு நடந்தே போறேன். சம்பளம் அடுத்த வருஷம் வந்து சேரும்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா," என்றாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன பயம் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று சொன்னேன்.

அக்டோபரில் காற்று வந்தது. அந்த வறட்டுக் காற்று கிளம்பினாலே எங்கள் மலையில் எல்லாரும் காட்டில் புகை தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பிப்போம். ஒரு புதன்கிழமை காலை, நன்றாக விடிந்திருந்த வானம் செங்கல் நிறமாகி, பிறகு இருட்டிவிட்டது. முற்றத்தில் சாம்பல் விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கருகிய ஊசியிலை, இன்னும் சூடாக. உடனே வெளியேறு என்று போன் அலறியது. அடுத்த நொடி வெய்ன் ஹூஸ்டனிலிருந்து கூப்பிட்டான்.

"டிரக்க விட்டுட்டு வந்துடாத. நீ டிரக்க எடு. டெஸ்ஸா நீலத்த எடுக்கட்டும்."

"அப்ப என் கார்?"

"அத ஓட்ட ஆள் இல்லயே க்வென்."

காடு எரிந்துகொண்டு வருகிறது. நானோ மூன்றாவது காரை ஓட்ட ஆள் இல்லையே என்று கண் கலங்கி நின்றேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

டெஸ்ஸா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே வண்டில போவோம்மா. என்னத் தனியா விடாத. எனக்கு ஓட்டிப் பழக்கமே இல்ல."

"ஏறுடி! பேச நேரமில்ல. என் பின்னாலயே ஒட்டிட்டு வா. எங்கயும் நிக்காத."

மலையிலிருந்து இறங்க ஒரே சாலை. ஏறுகிற தடத்திலும் இறங்குகிற வண்டிகள்தான். நாலு வளைவு தாண்டியிருப்போம், எல்லாம் நின்றுவிட்டது. எள் போட இடமில்லை. இடப்பக்க மேட்டுக்குப் பின்னால் வீடுகளின் கேஸ் தொட்டிகள் டமார் டமார் என்று வெடித்தன. டிரக் கண்ணாடியில் கை வைத்தேன், சுட்டது. ஒரு மான் வண்டிகளுக்கு நடுவே ஓடி, என் கதவில் மோதி, எழுந்து மறுபடி ஓடியது.

பின்னாலிருப்பதைக் காட்டும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் காருக்குள் என் பிள்ளையின் வெளுத்த முகம். அது தெரிகிற வரைக்கும் எனக்கு உயிர் இருந்தது. ஒரு புகை மூட்டம் வந்து மூடியது. விலகியபோது நீலக் கார் மலைச்சுவரை ஒட்டி நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை.

இறங்கி ஓடினேன். காருக்குள் அவள் பை மட்டும் கிடந்தது. பின்னால் நின்றவன் கண்ணாடியை இறக்காமலே முன்பக்கம் கையைக் காட்டினான்.

முன்னால் ஓடினேன். ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன். "என் பொண்ணப் பாத்தீங்களா? பச்ச ஸ்வெட்டர்!" ஒருவரும் திறக்கவில்லை. புகைக்குப் பயந்து பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். ஒரு வண்டியில் புருஷன், அடுத்ததில் பெண்டாட்டி, அதற்கடுத்ததில் மகன். வண்டிக்கு ஒரு தலை. நாங்கள் இத்தனை பேரும் பாதி வண்டியில் வந்திருந்தால் இந்நேரம் கீழே இருந்திருப்போம். ஓடிக்கொண்டே அது எனக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன், தொண்டை எரிந்தது, பிள்ளையைக் காணோம்.

ஆலை வளைவு என்று நாங்கள் சொல்லும் திருப்பத்தில் அவள் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டு லிண்ட்கிரன் தன் டிரக்குக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆமாம், படகு. அதன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, படகு இரண்டு தடத்தையும் அடைத்துக் குறுக்கே கிடந்தது. அதற்கு அப்பால் சாலை ஈ காக்கை இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. அவர் பெண்டாட்டி மொரீன் பின்னால் நின்ற தன் காரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அவுத்து விடுங்க மிஸ்டர் லிண்ட்கிரன்! எத்தன பேர் மேல நிக்கிறாங்க தெரியுமா?" டெஸ்ஸா தொண்டை கிழியக் கத்தினாள்.

"கொஞ்சம் பொறு பாப்பா, இழுத்துருவேன், இதோ இழுத்துருவேன்..." கிழவர் மறுபடி முடுக்கினார். சக்கரம் இன்னும் புதைந்தது.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நீ செத்துட்டன்னு நெனச்சேன்டி! எங்கயும் நிக்காதன்னு சொன்னேனா இல்லயா?"

"இந்த வளைவத் தாண்டுனா ரோடு அகலம்மா. தெனம் சைக்கிள்ல போறேன், எனக்குத் தெரியாதா? அடைச்சிருந்தா இங்கதான் அடைச்சிருக்கும்." என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "அம்மா, தள்ளும்மா. ப்ளீஸ், தள்ளு."

மேட்டின் உச்சியில் நெருப்பு தலை காட்டியது அப்போதுதான். அதைக் கண்டதும் மொரீன் காரிலிருந்து இறங்கி வந்து, படகின் கொக்கியை அவிழ்த்தாள். பெண்கள் மூவரும் தள்ளினோம். பூட்டிய கார்களிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து கை கொடுத்தார்கள். படகு சரிந்து பள்ளத்தாக்கில் உருண்டது. லிண்ட்கிரன் அதைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

நாங்கள் டிரக்குக்குத் திரும்பி ஓடினோம். வழியெல்லாம் டெஸ்ஸா கண்ணாடிகளை அடித்தாள். "ஓரங்கட்டிட்டு டிரக்ல ஏறுங்க!" ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். ஏறாதவர்கள் தத்தம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். வண்டி நகர்ந்தபோது இரண்டு பக்கமும் புதர் பற்றிக்கொண்டிருந்தது. டிரக்கின் பின்னால் யாரோ ஜெபம் சொன்னார்கள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன்.

எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் வண்டிகள் இறங்கின. மலையில் இன்னும் மேலே நின்றவை இறங்கவே இல்லை.

மறுநாள் சமவெளியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தோம். வெய்ன் மூன்று விமானம் மாறி வந்து, நாலாவது காரை எடுத்துக்கொண்டு, ஒத்த ஆளாக வந்து இறங்கினான். எங்களைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். மூச்சு வந்த பிறகு கேட்டான், "நீலக் கார்?"

டெஸ்ஸா கையை விரித்தாள். உள்ளங்கையில் சாவி. இரவெல்லாம் அதை இறுக்கிப் பிடித்தே தூங்கியிருக்கிறாள், தோலில் அச்சு விழுந்திருந்தது.

"அந்த நெருப்புல சாவிய எதுக்குடி எடுத்த?" என்றேன். "எஞ்சின அணைக்கவா நேரம் இருந்துச்சு உனக்கு?"

"நின்ன எடத்துலயே சும்மா புகை விட்டுட்டு இருந்துச்சும்மா," என்றாள்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது எனக்கு. சிரிக்கச் சிரிக்க உடம்பு நடுங்க ஆரம்பித்தது. மைதானத்துக்கு வெளியே, சாலையில், ஆட்கள் மலையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள், வண்டிக்கு ஒருவராக. காற்று இன்னும் நிற்கவில்லை.