போண்டாவாகப் பூங்கோதை

எங்கள் ஊரில் விமர்சனத்தில் எழுதாதது திரையில் தெரியாது. படம் வெளியாகும் அன்று காலைக் காட்சியை விமர்சகர் நீலமேகம் பார்ப்பார், மத்தியானம் எழுதுவார். ஜனங்கள் அதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் தியேட்டருக்குப் போய், அவர் பார்த்ததையே பார்த்துவிட்டு வருவார்கள். சொந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது?

பூங்கோதை பல வருஷம் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவள். புதுப் படத்தில்தான் முதல்முறையாக வசனம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். கிளிசரின் போடாமலே அழுதாள். அதை அவள் புருஷன் தணிகாசலம் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. "கூட்டத்துல நிக்கிறதெல்லாம் ஒரு நடிப்பா" என்று இத்தனை காலமும் இளக்காரம் பேசியவன் அவன்.

அந்தக் காட்சி ஓடியபோது நீலமேகத்துக்குப் பசித்தது. எழுந்துபோய் வாசல் கடையில் தின்றுவிட்டு வந்தார். நேர்மையான மனுஷர், பார்த்ததைத்தான் எழுதுவார். 'இடைவேளைக்குச் சற்று முன் ஒரு போண்டா. நல்ல மொறுமொறுப்பு' என்று எழுதினார்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் போய் உட்கார்ந்தார்கள். வராந்தா வரவேண்டிய இடத்தில் திரை முழுக்க ஒரு போண்டா வந்தது. ரசிகர்கள் விசிலடித்தார்கள். "என்னா அடக்கமான நடிப்பு" என்றான் பின்வரிசைக்காரன், பெரிய ரசனைக்காரன் போல. தணிகாசலமும் கைதட்டினான்.

"நீ எங்கடி வர்ற?" என்று கேட்டான்.

மறுநாள் பூங்கோதை நீலமேகத்தின் வீட்டுக்குப் போனாள். "அந்த எடத்துல நான்தாங்க சார் அழுதேன். ஒரு வரி சேத்துப் போடுங்க."

"அதெப்படிம்மா? ஊரே போண்டாவைப் பார்த்துக் கைதட்டியிருக்கு. அவங்க ரசனையை நான் கேவலப்படுத்தலாமா?" அவருக்கும் இளகிய மனசுதான். கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா ஒண்ணு பண்றேன். அந்தப் போண்டா நீதான்னு போட்டுடறேன்."

"சரிங்க சார். அழுததையும் போடுங்க. கிளிசரின் இல்லாம."

அன்றைக்கே திருத்தி எழுதினார். 'போண்டாவாகப் பூங்கோதை உலுக்கிவிட்டார்.' ஊர் கைக்குட்டையோடு கிளம்பிப் போய்த் தேம்பித் தேம்பி அழுதது. முந்தின நாள் விசிலடித்த அதே வெட்கங்கெட்ட கூட்டம்தான்.

தணிகாசலம் இரண்டாம் தடவை பார்த்துவிட்டுக் கண் சிவந்து வீட்டுக்கு வந்தான். பூங்கோதையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"உன்னப் போய் இளக்காரமா பேசிட்டேனே" என்றான். அடுப்படிக்குப் போய்த் தட்டைக் கழுவி, ஓரத்தில் சட்னி வைத்து, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"காரச் சட்னியா?" என்று கேட்டுக்கொண்டே பூங்கோதை தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.