சக்கர நாற்காலிச் சங்கம்

எங்களை வேலியைப் பார்த்து நிறுத்துவதுதான் வழக்கம். பூங்காவுக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் ஆள் உயரத்துக்குச் செடிவேலி. அதற்கு முகம் கொடுத்து எங்கள் நாற்காலிகளை, தள்ளிவரும் பெண்கள் வரிசையாக நிறுத்துவார்கள். பிரேக்கை அழுத்திவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நீளமான சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கிழவர்கள் கண்ணில் வெயில் படக் கூடாதாம். எனக்கு நேர் எதிரே ஒரு இலை இருந்தது. பார்த்துப் பார்த்து, என்னைக் கண்டதும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. எனக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி. வாதி பிரதிவாதி யாரும் இல்லாததால் நிம்மதியாகத் தூங்குவார். இடப்பக்கம் கப்பல் கேப்டன். அவர் வேலியையே கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தார், நான் திருத்தவில்லை.

வீட்டு வேலைக்கு என்று கடல் தாண்டி வந்த பெண்களுக்கு விடுமுறை கொடுக்க எந்த வீட்டுக்கும் மனசு வராது. ஆனால் கிழவனுக்குக் காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மறுக்க முடியாது. ஆகவே நாங்கள்தான் அவர்களுடைய வாசல் சீட்டு. எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் அவர்களுக்கு வெளியுலகம். எந்த வீட்டு ஐயாவுக்குக் கை சும்மா இருக்காது, கையைத் தின்னும் பாத்திரப் பொடிக்கு என்ன மருந்து, எந்த ஏஜெண்டு சொன்ன பேச்சில் நிற்பான் என்று எல்லாமே அந்தப் பெஞ்சில் பேசி முடிவாகும். அந்தச் சங்கத்துக்குத் தலைவி பெரியக்கா. நீதிபதியைத் தள்ளுகிறவள். தலைமுடி நரைத்தும் ஊருக்குத் திரும்பாதவள். காற்று அடித்தால்கூட யார் அனுப்பிவைத்த காற்று என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவளுக்கு அங்கே ‘கமுக்கம்’ என்று பெயர். அவ்வளவு கொஞ்சமாகப் பேசுவாள். என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கும்போது என் பழுதான தோள் அவளுக்கு மட்டும் வலிக்காமல் வரும். என் மகன் தூக்கினால் நான் போடும் சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

என் காது விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்று பெஞ்சில் எல்லோரும் நம்பினார்கள். நம்பும்படி நடந்துகொண்டேன், அவ்வளவுதான். வயதானவன் எதிரில் யாரும் எதுவும் பேசுவதில்லை. செவிடன் எதிரில் எல்லாமே பேசுகிறார்கள். என் மருமகளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் பக்கத்து அறையில் முணுமுணுத்ததற்கு ஒருநாள் நான் பதில் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு உத்தியோகம் கிடைத்தது. பூங்காவிலிருந்து வந்ததும், கமுக்கம் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்ததும், மருமகள் என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போடுவாள்.

“மாமா, இன்னைக்கு என்ன பேசினாளுங்க?”

“ஒருத்தி வீட்டுல பிரிட்ஜ் தும்முதாம்மா.”

“என்ன?”

“சளி பிடிச்சிருக்குன்னு அதைப் போர்வை போத்திப் படுக்க வெச்சிருக்காங்களாம். ஐஸ் கட்டியெல்லாம் சுடுதாம்.”

மருமகள் என் முகத்தையே பார்ப்பாள். பொய்யா, மறதியா, குசும்பா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போகும்போது அலமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். கமுக்கத்தின் பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

அந்தப் பாஸ்போர்ட்தான் அப்போது கமுக்கத்தின் கவலையே. ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் இப்போது போனில் “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்கிறாளாம். இதைப் பெஞ்சில் சொன்னபோது அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டில் என் மகனும் மருமகளும் ஏஜெண்டோடு பேசி, அவளைக் கேட்காமலே ஒப்பந்தத்தை நீட்டிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். “அப்பாவை வேற யாரு பாத்துப்பா?” என்றான் மகன். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் தோள் எனக்கு முக்கியம்.

இந்த நேரத்தில்தான் துணிப்பைக்காரி வந்தாள். நல்ல உருண்டையான பெண். தோளில் ஒரு சாயம்போன துணிப்பை. ஒருநாள் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, “பாஸ்போர்ட் உங்ககிட்ட இருக்கா, வீட்டுக்காரங்ககிட்ட இருக்கா?” என்று ஆரம்பித்தாள். பெஞ்சில் எல்லோரும் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு முன்பு ஒருத்தி வந்திருந்தாள். அவளிடம் மனசு விட்டுப் பேசிய பக்கத்துக் கட்டடத்துப் பெண்ணை மறுநாளே ஏஜெண்டு வந்து வேறு ஊருக்கு ஏற்றிவிட்டான். அவள் தள்ளிக்கொண்டிருந்த கிழவியை அப்புறம் பூங்காவில் பார்க்கவேயில்லை.

“நானும் வீட்டு வேலை செஞ்சவதான்க்கா” என்றாள் துணிப்பைக்காரி. “இப்போ நம்ம ஆளுங்களே சேர்ந்து ஒரு இடம் வெச்சிருக்கோம். சந்தேகம்னா கேக்கலாம், வக்கீலைப் பாக்கலாம், போன் பண்ணலாம். கட்டணம் கிடையாது.”

“சும்மா குடுக்கறதுலதான் எனக்குப் பயமே” என்றாள் பெரியக்கா. “வீட்டு வேலை செஞ்சேன்னு வாயால சொன்னா போதுமா? எங்க, இந்தத் தாத்தாவ ஒரு சுத்து சுத்திட்டு வா பாப்போம்.”

பெரியக்காவின் சோதனை எனக்கு உடனே புரிந்தது. பூங்காவின் நடுவில் குளத்தை நோக்கி ஒரு சரிவு இருக்கிறது. எங்களைத் தள்ளிப் பழகிய எவளும் சரிவு வந்ததும் நாற்காலியைத் திருப்பிவிடுவாள். தான் முன்னால், கிழவன் பின்னால், பின்பக்கமாக நடந்து இறங்குவாள். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, ஒரு கிழவனை ஒருமுறை கீழே கொட்டினால் வருவது. துணிப்பைக்காரி திருப்பவில்லை. நேராகவே விட்டாள். அந்த இறக்கத்தில் என் நாற்காலி போன வேகத்தில் ஒரு புறா என்னை முந்தப் பார்த்து, முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டது. என் வேட்டி எனக்கு முன்னால் குளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அவள் கைப்பிடியை விடவில்லை, அதுவரை நல்லது. குனிந்து என் காதோரம், “பயப்படாதீங்க தாத்தா” என்று ரகசியமாகச் சொன்னாள்.

“பயப்படாம? பாட்டா பாடறது?” என்று கத்திவிட்டேன்.

வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். துணிப்பைக்காரியை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் என்மேல்தான்.

“கெழவனுக்குக் காது கேக்குதுடி” என்றாள் பெரியக்கா.

துணிப்பைக்காரி மூச்சிரைக்க என்னை மேலே தள்ளிக்கொண்டு வந்து, தான் வேலை பார்த்த வீட்டில் குழந்தைகள்தான், வயசானவர்கள் யாரும் இல்லை, நாற்காலியைத் தொட்டதே இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்வதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இத்தனை காலம் என் முதுகுக்குப் பின்னால் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி நீதிபதியின் காதில் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். கேப்டனை ஒருத்தி கிள்ளிவிட்டாள். பாவம், அவர் சுறா என்று அலறினார்.

போகும்போது துணிப்பைக்காரி கமுக்கத்திடம் மட்டும் சொன்னாள். “என்னை நம்ப வேணாம். வந்து பாரு. உனக்கு முன்னாடி வந்தவங்க அங்க உக்காந்திருப்பாங்க. அவங்களக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு. கடைத்தெருவுல, சாவி போடற கடைக்கு மேல மாடி.”

அதுவும் என் காதில் விழுந்தது. விழுந்தது கமுக்கத்துக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்கள் அல்ல. கமுக்கம் முன்புபோலவே தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். ஆனால் கண்ணைப் பார்க்க மாட்டாள். கஞ்சியில் உப்பு கூடியிருந்தால் வேண்டுமென்றே போட்டாளோ என்று நினைப்பேன். குறைந்திருந்தால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பத்தியமோ என்று நினைப்பேன். சரியாக இருந்தால் இன்னும் பயமாக இருந்தது. மருமகள் முக்காலியை இழுத்துப் போடும்போதெல்லாம் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றுபோகும். பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது எனக்குத் தெரியும்.

“மாமா, அவ முகமே சரியில்ல. ஏதோ திட்டம் வெச்சிருக்கா. பூங்காவுல யாராவது புதுசா வந்தாங்களா?”

நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. ஏஜெண்டு வருவான், ஒப்பந்தம் நீளும், என் தோளுக்கு ஆயுள் முழுக்க ஆள் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் நின்றிருந்தது.

“வந்துச்சும்மா” என்றேன். “ஒரு புறா. என்னோட ரேஸ் விட்டுத் தோத்துப் போச்சு.”

மருமகள் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள். கொஞ்சம் கழித்துத்தான் குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது. கமுக்கத்தைக் காப்பாற்றவா சொன்னேன், பழக்கதோஷத்தில் வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. என்னை நானே முழுசாக நம்பி ரொம்ப நாளாகிறது.

மறுநாள் காலை பூங்கா வாசலில் நாற்காலி திரும்பவில்லை. நேராகவே போனது.

“எங்க போறோம்?”

“காத்து வாங்க.”

“காத்து உள்ளல்ல இருக்கு.”

“கடைத்தெருவுலயும் இருக்கும் தாத்தா. பேசாம வாங்க.”

நான் இல்லாமல் அவளால் வாசலைத் தாண்ட முடியாது. அவள் இல்லாமல் என்னால் எதையுமே தாண்ட முடியாது. சாவி போடும் கடை ஒடுக்கமானது; பக்கத்தில் அதைவிட ஒடுக்கமான படிக்கட்டு. அதில் நாற்காலி ஏறாது, நான் நிச்சயமாக ஏற மாட்டேன். அவள் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மாடியைப் பார்த்தாள். பூங்காவில் பெரியக்காவிடம் என்னை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன்.

“கண்ணு முன்னாடி இருந்தாதான் எனக்குத் தைரியம்” என்றாள். என்னைத் தூண் நிழலில் நிறுத்திப் பிரேக்கை அழுத்தினாள். “தாத்தா, வாயத் தொறங்க.”

“எதுக்கு?”

“தொறங்கன்னா தொறங்க.”

தினமும் ராத்திரி செய்கிற காரியம், கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். மேல்வரிசையைக் கழற்றினாள், கீழ்வரிசையைக் கழற்றினாள், துடைத்து வெள்ளை டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“பல்லு இல்லாம நீங்க ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

பொக்கை வாயை இந்த ஊரில் அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. என் மகன்கூட. நீ திரும்பி வருவாயா என்று கேட்டேன், காற்றுதான் வந்தது. அவள் படியேறிவிட்டாள்.

என் பல் அவளிடம் இருக்கிறது, ஆகவே வருவாள் என்று ஒரு யோசனை. பல்லைப் படியிலேயே வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டால் என்று இன்னொன்று. மேலே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பெண்கள் பேசும் குரல்கள், நாற்காலி இழுக்கும் சத்தம். கமுக்கம் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நான் இருக்கிறேனா என்று அவள் பார்த்தாள், அவள் இருக்கிறாளா என்று நான் பார்த்தேன். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து பார்த்தாள். அப்புறம் வெகுநேரம் ஜன்னல் காலியாகவே இருந்தது.

சாவிக் கடைக்காரர் எனக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்தார். அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“என்ன பெரியவரே, ரொம்ப நேரமா தனியா இருக்கீங்க? கூட வந்த பொண்ணு விட்டுட்டு ஓடிடுச்சா?” என்று குனிந்து கேட்டார். நல்ல மனுஷன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “வீட்டு நம்பர் சொல்லுங்க. மகனோ மருமகளோ, நானே கூப்பிட்டுச் சொல்றேன்.”

அந்த நம்பர் எனக்குத் தூக்கத்திலும் வரும். விரலை மடக்கிக் காட்டினால்கூடப் போதும். அவர் கட்டைவிரல் போன் மேல் காத்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், போனைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பவில்லை. டப்பா அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

நான் விரலை மடக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்து, தெரு முழுக்கப் பார்க்கும்படி, வாயை அகலமாகத் திறந்து காட்டினேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார். எதிர்க்கடையில் துணி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். நான் மூடவில்லை. கழுத்தை நிமிர்த்தி ஜன்னலுக்கும் காட்டினேன். ஜன்னலின் திறந்த கண்ணாடிக் கதவில் பட்ட வெயில் என் கண்ணில் அடித்ததால் அவள் முகம் தெரியவில்லை. டப்பாவின் மேல் இருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே காற்று போய் வருவதை ஈறுகளில் உணர்ந்தபடி, வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.